எல்லோரோடும் சேர்ந்து அலறுவதற்கு

“பேயி பாக்குறதுக்கு எப்படிடி இருக்கும்?”

ஜெசிந்தா இதைக் கேட்டபோது நான் மாடிப்படியில் உட்கார்ந்து ஈரத் தலையைக் காயவைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தவள், மடக்கிய வெள்ளைக் கோலைக் கையில் பிடித்தபடி கீழ்ப்படியில் நின்றாள். இன்றைக்கு என்ன குழம்பு என்று விசாரிக்கிற குரலில்தான் கேட்டாள்.

“எந்தப் பேயி?”

“சினிமாப் பேயிதான். வேற எதும் பழக்கமா உனக்கு?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

ஜெசிந்தா வீட்டு உரிமையாளரின் மகள். திண்டுக்கல் நாகல் நகரில் கீழ்வீட்டில் அவர்கள் குடும்பம். மாடியில் வாடகைக்கு நான். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. வங்கியில் வேலை செய்கிறாள். கைப்பேசி அவளுக்குச் செய்தி படித்துக்காட்டுகிற வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. அவள் அதைக் கேட்டுக்கொண்டே என்னோடும் வாயாடுவாள்.

அவளுடைய பெரிய பித்து பேய்ப் படம். அதிலும் பழைய கருப்பு வெள்ளைப் படம். எந்தப் படத்தில் கதவு எப்படிக் கிறீச்சிடும், எதில் ஆந்தை, எதில் நரி, எதில் பெண் குரல் பாட்டு என்று வாயாலேயே வாசித்துக் காட்டுவாள். அப்படிப்பட்டவள் என்னிடம் பேய் எப்படி இருக்கும் என்று கேட்கிறாள்.

“இம்புட்டுப் படம் பாத்திருக்க. ஒனக்குத் தெரியாதா?”

“யாரு சொன்னா? எங்கண்ணனா சொல்வான்?”

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

சிறு வயதிலிருந்து அவளைப் படத்துக்கு அழைத்துப்போனது அண்ணன் சார்லஸ்தான். பக்கத்தில் உட்கார்ந்து காட்சியைக் காதில் சொல்வதும் அவர்தான். ‘கார் வருது’, ‘பங்களா’, ‘அவ மாடி ஏறுறா’ என்று சரியாகச் சொல்லிக்கொண்டே வருவார். பேய் வரும் நேரத்தில் மட்டும் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். கொட்டகையே அலறும். அதைக் கேட்டு அண்ணன் அலறுவார். அண்ணனைக் கேட்டு ஜெசிந்தா அலறுவாள். எல்லாம் அடங்கிய பிறகு, “என்னாச்சுண்ணே?” என்று கேட்டால், “போயிருச்சு, போயிருச்சு” என்பார்.

சார்லஸ் அண்ணன் கறிக்கடை வைத்திருக்கிறார். அய்யலூர் சந்தையில் முட்ட வருகிற கிடாவைக் கொம்பைப் பிடித்து நிறுத்துகிற ஆள். சினிமாப் பேய் என்றால் மட்டும் அவருக்கு ஆகாது.

ஆக ஜெசிந்தாவின் பேய்ப் பட அறிவில், பேய் இருக்கவேண்டிய இடத்திலெல்லாம் ஓட்டை.

“நான் எப்பவும் ஒரு தாளம் பிந்தித்தான் கத்துவேன் கயலு. எல்லாரும் கத்தி முடிக்கிறப்ப நான் ஆரம்பிப்பேன்.”

வெள்ளைச் சேலை

என் வேலையைப் பற்றி இரண்டு வரி. படித்தது மின்னணுவியல். செய்வது, படங்களுக்கு எழுத்தும் குரலும் சேர்ப்பது. முதலில் திரையின் அடியில் ஓடும் வசன எழுத்துகள் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது காட்சி விவரிப்பும் செய்கிறேன். பார்வை இல்லாதவர்களுக்காக, வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவில் கிடைக்கிற இடைவெளியில், திரையில் நடப்பதைக் குரலில் சொல்வதுதான் அது. சென்னையிலிருந்து படம் வரும். திண்டுக்கல்லில் உட்கார்ந்து பேசி அனுப்புவேன்.

எனவே ‘பேய் எப்படி இருக்கும்’ என்பது எனக்குத் தொழில்முறைக் கேள்வி. நிதானமாகப் பதில் சொன்னேன்.

“பொம்பள. வெள்ளச் சேல. தலைய விரிச்சுப் போட்டிருப்பா. கால் தெரியாது. மெதுவா நடந்து வருவா.”

ஜெசிந்தா காத்திருந்தாள்.

“அப்புறம்?”

“அம்புட்டுத்தான்.”

“அம்புட்டுத்தானா!” கோலைப் படியில் ஒரு தட்டுத் தட்டினாள். “அந்த மியூசிக்குக்கு நான் மலை மாதிரி ஒண்ணு வருதுன்னுல்ல நெனச்சேன்! ஒரு பொம்பள குளிச்சிட்டுத் தல காய வச்சிக்கிட்டு வாரா. அதுக்கா எங்கண்ணன் என் கையப் பிச்சு எடுத்தான்?”

நான் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். என் தலையும் விரிந்துதான் கிடந்தது.

“வெள்ளச் சேலைல என்னடி பயம்? எங்க வீடுகள்ல கல்யாணப் பொண்ணுதான் வெள்ளச் சேல கட்டும். மதினி கட்டுன சேல இன்னும் பெட்டில இருக்கு. தொட்டுத் தொட்டுப் பாத்திருக்கேன், அம்புட்டு அழகு.”

“எங்க வீடுகள்ல முந்தியெல்லாம் புருசன் செத்தாத்தான் வெள்ள கட்டுவாங்க.”

அவள் கோலை விரலால் உருட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “அப்ப தாலி அறுத்த பொம்பளைக்குக் குடுத்த சேலையத்தான் பேயிக்கும் குடுத்திருக்கானுக. எதுக்க வந்தா ஆகாதும்பாங்கள்ல, அதே ஆளு.”

எத்தனை பேய்ப் படம் பார்த்திருப்பேன்! உடைக்குத் துணி எடுத்தவர் யாரைப் பார்த்து எடுத்தார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அன்றைக்குக் குழம்பு வைக்கவில்லை. இரண்டு பேரும் மாடியில் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்துவிட்டோம்.

வழி தெரிந்தவன் முதலில் சாவான்

விவரிப்புச் சேர்க்க நாங்கள் எடுத்துக்கொண்டது ஒரு பழைய படம். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இப்போதே தேடிப் பிடித்து முடிவைப் பார்த்துவிடுவீர்கள். உரிமை வைத்திருப்பவரிடம் போனில் கேட்டபோது, “அதை இன்னுமா பாக்குறாங்க?” என்று ஆச்சரியப்பட்டுச் சும்மாவே அனுமதி தந்தார்.

மலைமேல் ஒரு பங்களா. புதுமணத் தம்பதி வருகிறார்கள். கூடவே மணப்பெண்ணின் தங்கை. அவளுக்குப் பார்வை இல்லை. அந்த வீட்டில் முன்பு வேலை செய்த ஒரு பெண்ணைக் கொன்றிருக்கிறார்கள், அவள்தான் பேய். கதை இவ்வளவுதான்.

பழைய படத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு தொழில் காரணமும் உண்டு. அந்தப் படங்களில் ஆட்கள் நிதானமாக நடப்பார்கள். காற்று வீசும். திரைச்சீலை ஆடும். நடுவில் நான் பேச இடம் இருக்கும். இப்போதைய பேய்ப் படத்தில் பேயைவிடச் சத்தம் அதிகம். ஊசி நுழைய இடமில்லை.

பட்டியல் போடாமல் எனக்கு எந்த வேலையும் ஓடாது. படத்தில் வருகிற ஆட்களையெல்லாம் எழுதினேன். பேயைப் பார்த்து உளறுகிற சமையல்காரர். குடித்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்தைக் காக்கும் ஜோசப்பு. தாயத்துக் கொடுத்துவிட்டு ஒரே காட்சியில் காணாமல் போகும் பக்கீர். எலும்பு மாலை போட்ட மலைவாசி வழிகாட்டி. பார்வை இல்லாத தங்கை. பிறகு கதாநாயகன், கதாநாயகி, ஜமீன்தார். கடைசி மூவருக்கு மட்டும் பங்களாவின் மாடியில் அறை உண்டு.

ஜோசப்பு வந்ததும் ஜெசிந்தா மடிக்கணினியை நிறுத்தச் சொன்னாள்.

“எந்தப் படத்துலயும் எங்காளுக்குக் கல்லறைலதான் டியூட்டியா? அதும் குடிச்சிட்டு, தமிழும் வராம! எங்கப்பா ஆயுசுக்கும் குடிச்சதில்ல. கோயில்ல வாசகம் படிச்சா மைக்கே வேணாம், அம்புட்டு சுத்தமான தமிழு. அவரு எந்தப் படத்துலடி இருக்காரு?”

“ஒங்கப்பா பேய்ப் படத்துல இருந்தா பேயிக்கு வாடகை ஏத்திருவாரு.”

“அது சரிதான்” என்று ஒப்புக்கொண்டாள்.

அடுத்தது வழிகாட்டி. என் விவரிப்பில், ‘கரிய நிற மலைவாசி ஒருவன் மரத்தின் பின்னாலிருந்து வருகிறான்’ என்று எழுதிப் படித்தேன்.

“செத்த நிறுத்து. ஹீரோ என்ன கலரு?”

“கருப்பு வெள்ளைப் படம்டி.”

“அப்ப இவன் மட்டும் எப்படிக் கருப்பு? ஹீரோ வந்தப்ப ‘இளைஞன்’னு மட்டுந்தான சொன்ன? நீயும் நானும் என்ன கலரு? நான் கருப்புன்னு சின்னதுலருந்து சொல்லியே வளத்திருக்காங்க, அதனால எனக்குத் தெரியும். ஹீரோவுக்கு யாரும் சொல்லலையா?”

படத்தைப் பின்னோக்கி ஓட்டி, வழிகாட்டியின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பார்த்ததும் கத்திவிட்டேன்.

“ஜெசி! மைடி! மை பூசியிருக்காங்க! காதுக்குப் பின்னாடி பூச விட்டுப்போச்சு, அங்க வெள்ளையா இருக்கு!”

“என்னாது?”

“இந்த நடிகர் கருப்பே இல்ல. மூஞ்சில மையப் பூசி மலைக்காரனா ஆக்கியிருக்காங்க!”

ஜெசிந்தா எழுந்து நின்று கைதட்டினாள். உண்மையிலேயே கைதட்டினாள். “இத எந்தக் கண்ணு தெரிஞ்சவனும் எனக்குச் சொல்லலையேடி! எத்தன படத்துல இப்படிப் பூசியிருப்பானுக!”

அதற்குப் பிறகு எங்களுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தெரிந்த பழைய பேய்ப் படம் ஒவ்வொன்றாக எடுத்து, யார் முகத்தில் மை, யார் கழுத்தில் எலும்பு, யார் முதலில் சாவு என்று தேட ஆரம்பித்தோம். புதையல் தோண்டுகிற மாதிரி இருந்தது.

என் அம்மா அந்த வாரம் ஊரிலிருந்து வந்திருந்தார். சமவெளியில் வாழ்க்கைப்பட்டாலும் அம்மா பிறந்தது சிறுமலையில். மாமாக்கள் இன்றும் அங்கே மலைவாழை போடுகிறார்கள். வழிகாட்டி பள்ளத்தில் விழுந்து சாகும் காட்சியை அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தார்.

“கிறுக்குப்பய படமா இருக்கு. வழி தெரிஞ்ச ஒரே ஆள மொதல்ல கொன்னுப்புட்டா, பெறகு எவன் கீழ எறக்கி விடுவான்? எங்க ஊர்ல எவன் எலும்பு மாலை போட்டான்? மிளகு வித்த காசுல ஒங்க மாமனுக்கு மைனர் செயினுல்ல போட்டோம்!”

நாயும் நாமும்

எனக்கு ஆர்வம் அதிகமாக இருந்தது தங்கை பாத்திரத்தைப் பற்றி ஜெசிந்தா என்ன சொல்வாள் என்பதில்தான். ‘பார்வையற்ற அவள் தடுமாறி நடக்கிறாள்’ என்று எழுதியிருந்தேன்.

“எங்க நடக்குறா?”

“வீட்டுக்குள்ள. ரெண்டு கையையும் முன்னாடி நீட்டிக்கிட்டு. கண்ணு மேல பாத்துக்கிட்டு இருக்கு.”

“எத்தன நாளா அந்த வீட்டுல இருக்கா?”

“ரெண்டு மாசம்னு வசனம் வருது.”

“ரெண்டு மாசமாவா இன்னும் தடவுறா? நம்ம வீட்டுல நான் தடவியா நடக்குறேன்?”

நடக்கவில்லை, அவள் ஓடுவாள். குக்கர் மூன்றாவது விசில் விட்டால் மொட்டைமாடியிலிருந்து அடுப்படிக்கு ஓடுகிறவள். வழியில் நிற்பவர்கள்தான் ஒதுங்கவேண்டும்.

“சரி, இதைத் திருத்திச் சொல்லட்டா?” என்று கேட்டேன். அவள் நன்றாக நடப்பதாகச் சொல்லிவிடலாம், யார் கேட்கப்போகிறார்கள்?

“அதெல்லாம் வேணாம். படத்துல உள்ளதத்தான் சொல்லணும். ‘ரெண்டு கையும் நீட்டிக்கிட்டு நடக்குறா’ன்னு மட்டும் சொல்லு. எதுக்கு நீட்டுறான்னு படம் எடுத்தவனுக்கே தெரியாது.”

அதையே விதியாக வைத்துக்கொண்டோம். கூட்டவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். ஒருவருக்கு நிறம் சொன்னால் எல்லோருக்கும் சொல்வது. மை பூசியிருந்தால், மை பூசியிருக்கிறது என்றே சொல்வது.

இன்னொன்றும் கவனித்தோம். பேய் வருவது எல்லோருக்கும் முன்னால் அந்தத் தங்கைக்குத் தெரிந்துவிடும். தலையைச் சாய்த்து, “யாரோ வந்திருக்காங்க அக்கா” என்பாள். அதே காட்சியில் வாசலில் நாயும் குரைக்கும்.

“எல்லாப் படத்துலயும் இப்படித்தான். பேயி வந்தா நாயிக்குத் தெரியும், நமக்குத் தெரியும். நாயும் நாமளும் ஒரே டிபார்ட்மெண்டு.”

இவ்வளவு கிண்டல் செய்தாலும் அந்தப் படங்கள் மேல் எங்களுக்கு ஆசை கூடியதே தவிரக் குறையவில்லை. அதற்கும் ஒரு காரணம் சொல்வேன். அந்தக் காலத்துக் குடும்பப் படங்களில் வீட்டு வேலைக்காரி காப்பித் தட்டோடு வந்து போவாள், அவ்வளவுதான். பேய்ப் படத்தில் அவள் செத்துத் திரும்பி வந்து, ஜமீன்தாரை நாற்காலியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறாள். உயிரோடு இருந்தவரை ஒரு வரி வசனம் இல்லாதவளுக்குப் பேயான பிறகு பக்கம் பக்கமாக வசனம். அந்தக் காட்சியை ஜெசிந்தா திரும்பத் திரும்பப் போடச் சொல்வாள்.

உனக்கு எதுக்குச் சிரமம்

ஒரு நாள் மாலை வங்கியிலிருந்து வந்தவள் நேராக மாடிக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது.

அவளோடு வேலை பார்க்கும் பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பேய்ப் படத்துக்குப் போய்வந்திருக்கிறார்கள். இவளைக் கூப்பிடவில்லை. மறுநாள் மதியச் சாப்பாட்டில் ஒரே பேச்சு. யார் கத்தினார்கள், யார் யார் மடியில் விழுந்தார்கள் என்று.

“கேட்டதுக்கு சுதாக்கா என்ன சொல்லுச்சு தெரியுமா? ‘ஒனக்கு எதுக்குச் சிரமம்னுதான் ஜெசி கூப்பிடல’ன்னு. தன்மையாத்தான் சொல்லுச்சு. அதான் ஒண்ணும் சொல்ல முடியல.”

சுதா அக்காவை எனக்கும் தெரியும். நல்ல மனுஷி. தன் வீட்டு வெஞ்சனத்தில் பாதியை எடுத்து ஜெசிந்தாவின் தட்டில் வைக்காமல் சாப்பிட மாட்டார். அவர் அப்படிச் சொல்லிவிட்டாரே என்பதுதான் இவளுக்கு வலித்தது.

“நம்ம படத்த ஒரு நாள் போட்டு அவங்க எல்லாரையும் கூப்பிடுறேன்” என்றாள். “நானும் அவங்களும் ஒண்ணா உக்காந்து பாக்கணும். அவங்க கத்துறப்ப நானும் கத்தணும். பெறகு இல்ல. அப்பவே.”

நான் தலையசைத்தேன். பிறகு, தலையசைத்தால் தெரியாது என்று நினைவு வந்து, “சரி” என்றேன்.

“தப்பித் தவறி நான் பிந்திக் கத்துனேன்னு வையி, அம்புட்டுத்தான். பாவம்னு தண்ணி குடுப்பாங்க.”

இன்னொரு நிபந்தனையும் போட்டாள். இதுவரை விவரிப்பு முழுவதையும் இரண்டு பேரும் சேர்ந்தே எழுதினோம். கடைசி ரீலை மட்டும் நான் அவளுக்குக் காட்டக் கூடாது. தெரிந்த பேய்க்கு யாரும் கத்த மாட்டார்கள் அல்லவா? அதுவரை ஒவ்வொரு வரியையும் திருத்தியவள், முக்கியமான வரிக்கு என்னைத் தனியாக விட்டுவிட்டாள்.

கம்பி வழியே பேய்

முதல் சிக்கல் தொழில்நுட்பம். கம்பியில்லாத காதொலிப்பான்களை வைத்துச் சோதித்தோம். நான் பேசுவது அவள் காதுக்குப் போவதற்குள் சின்னத் தாமதம். பாட்டுக் கேட்கும்போது அது தெரியாது. பேய்க்குத் தெரியும்.

“நீ ‘கதவு தெறக்குது’ங்குற. எனக்கு இங்க கதவு சாத்தியே போச்சு.”

எல்லாவற்றையும் தூக்கி வைத்துவிட்டுப் பழைய முறைக்கே போனேன். மைக்கிலிருந்து ஒரு பெட்டி, பெட்டியிலிருந்து ஆளுக்கொரு கம்பி, கம்பி நுனியில் காதொலிப்பான். ஒரு காதில் நான். மறு காதில் படம்.

அடுத்தது குரல். நான் முதலில் பயமுறுத்துகிற குரலில் பேசிப் பார்த்தேன். ஜெசிந்தா விழுந்து விழுந்து சிரித்தாள்.

“நீ எதுக்கு நடிக்கிற? ரேஷன் கடைல ‘பருப்பு வந்திருச்சு, பாமாயில் வரல’ன்னு சொல்வாங்கள்ல, அப்படிச் சொல்லு. ஒன் சாதாக் குரலே அப்படித்தான இருக்கும். அதுதான் பயமா இருக்கு.”

என் குரலைப் பற்றி இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

மூன்றாவது சிக்கல்தான் நிஜச் சிக்கல். கடைசி ரீலில், தங்கை தனியறையில் தலைவாருகிறாள். சீப்பு கீழே விழுகிறது. குனிந்து தரையில் தேடுகிறாள். யாரோ சீப்பை எடுத்து அவள் கையில் வைக்கிறார்கள். “தேங்க்ஸ் அக்கா” என்கிறாள். அக்கா ஊரிலேயே இல்லை. திரை முழுக்கப் பேயின் முகம்.

முகம் வரும் அந்த நேரத்தில் படத்தில் ஒரு சத்தமும் கிடையாது. இசையை நிறுத்திவிட்டிருந்தார்கள். பார்க்கிறவர்களை அந்த அமைதிதான் உலுக்கும். கேட்கிறவர்களுக்கு அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. ஜெசிந்தா எப்போதும் ஏன் பிந்தினாள் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

நான் முன்கூட்டியே சொன்னால் பேய் பழசாகிவிடும். முகம் வந்த பிறகு சொன்னால், சொல்லி முடிப்பதற்குள் எல்லோரும் கத்திவிடுவார்கள். பலவிதமாக எழுதி எழுதி அடித்தேன். கடைசியில் முகத்தை விட்டுவிட்டுச் சீப்பைப் பிடித்துக்கொண்டேன். சாதாரணமாகப் பேசிக்கொண்டே போய், கடைசிச் சொல் முகம் வருகிற அதே நொடியில் விழவேண்டும். பேயைச் சொல்லாமலே பேய் வந்திருக்கவேண்டும்.

சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமே? ஜெசிந்தாவைக் கேட்க முடியாது. சார்லஸ் அண்ணனைக் கூப்பிட்டேன்.

“வேணாம் பாப்பா. எனக்கு அந்த சீன் வந்தா கண்ணு தானா மூடிரும்.”

“அதான் வேணும்ணே. மூடிக்கங்க.”

கறிக்கடையை அடைத்துவிட்டு வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து, காதொலிப்பானை மாட்டி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். நிம்மதியான முகம். படம் ஓடியது. நான் பேசினேன். அந்தச் சொல் வந்தது. அண்ணன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தார்.

தரையில் கிடந்தபடியே என்னைத் திட்டினார். “ஏலே, என்ன பிள்ளைடா இது! கண்ண மூடுனாலும் விடமாட்டேங்குதே!”

நான் குதித்தேன். அவருக்குத் தண்ணீர் கொடுக்கவேண்டும் என்பதுகூடப் பிறகுதான் தோன்றியது.

ஆடி ஞாயிறு

ஆடி மாதம் கல்யாண மண்டபங்கள் சும்மா கிடக்கும். அண்ணனிடம் வாடிக்கையாகக் கறி வாங்கும் மண்டபக்காரர் ஒருவர், சாப்பாட்டுக் கூடத்தை ஒரு மதியத்துக்கு விட்டுக்கொடுத்தார். சன்னல்களுக்குக் கருப்புத் துணி கட்டினோம். பந்தி மேசைகளுக்கு அடியில் கம்பிகளை ஓட்டினேன். கூடம் முழுக்கப் பழைய சாம்பார் வாசனை. வெளியே ஆடிக் காற்று தகரக் கூரையைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. பேய்ப் படத்துக்கு இதைவிட நல்ல இடம் அமையாது.

வங்கிப் பெண்கள் சேலை மடிப்புக் கலையாமல் வந்தார்கள். ஜெசிந்தாவோடு விடுதியில் படித்த தோழிகள் நான்கைந்து பேர் பழனி, ஒட்டன்சத்திரத்திலிருந்து பேருந்தில் வந்தார்கள். அவர்களுக்கும் பார்வை இல்லை. அவர்களில் செல்வி அக்கா காதொலிப்பானை மாட்டும்போதே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏனுங்க, பேய் வர்றக்கு முன்னாடியே எனக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. மனசு கொஞ்சம் லேசுங்க எனக்கு.”

“முடியாதுக்கா. எல்லாருக்கும் ஒரே மைக்கு.”

“அப்பச் செரி. சேந்தே சாவோம்” என்றார்.

ஜெசிந்தா நடுவில் உட்கார்ந்தாள். வலப்பக்கம் சுதா அக்கா. அதே மேசையின் ஓரத்தில் நான். என் குரல் மற்றவர்களுக்குக் கேட்காமலிருக்க, அட்டைப்பெட்டிக்குள் தலையணைப் பஞ்சை ஒட்டி, அதற்குள் மைக்கை வைத்து, முகத்தையும் கண்ணுக்குக் கீழே வரை உள்ளே நுழைத்திருந்தேன். பார்க்கப் பேய் மாதிரிதான் இருந்திருப்பேன்.

படம் ஓடியது. வழிகாட்டி வந்தபோது, ‘முகத்தில் மை பூசிய ஒரு நடிகர், காதுக்குப் பின்னால் பூசவில்லை’ என்றேன். தோழிகள் பக்கம் கொல்லென்று சிரிப்பு. வங்கிப் பெண்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்கள். பிறகு திரையை உற்றுப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் சிரித்தார்கள். வேலைக்காரி பேயாக வந்து ஜமீன்தாரைக் கேள்வி கேட்டபோது இரண்டு பக்கமும் ஒன்றாகவே கைதட்டின.

கடைசி ரீல் வந்தது.

திரையை ஒரு கண்ணாலும் ஜெசிந்தாவை ஒரு கண்ணாலும் பார்த்தேன். அவள் இரண்டு கையையும் மேசைமேல் வைத்து, உதட்டைக் கடித்தபடி அசையாமல் இருந்தாள். படத்தில் வருகிற தங்கையைப் போலத் தலையைச் சாய்க்கவில்லை. நேராக நிமிர்ந்திருந்தாள்.

ரேஷன் கடைக் குரலில் ஆரம்பித்தேன்.

“தலைவாருகிறாள். சீப்பு கீழே விழுகிறது. குனிகிறாள். தரையில் தேடுகிறாள். சீப்பு கையில் படுகிறது.”

“தேங்க்ஸ் அக்கா” என்றது திரை. இசை நின்றது.

“சீப்பின் மறுமுனையை இன்னொரு கை பிடித்திருக்கிறது.”

கூடம் அலறியது.

ஒரே அலறல். முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் இல்லை. செல்வி அக்கா, வங்கிப் பெண்கள், தோழிகள், வாசலில் நின்ற மண்டபக்காரர், எல்லாருடைய குரலும் ஒன்றாகக் கூரைக்குப் போனது. அதற்கு நடுவே ஜெசிந்தாவின் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது. வாயை முழுதாகத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க, அடிவயிற்றிலிருந்து கத்தினாள். எல்லோரோடும் ஆரம்பித்தாள். மற்றவர்கள் முடித்த பிறகும், ஆசை தீர, இன்னும் கொஞ்சம் கத்தினாள்.

எனக்கு அழுகை வந்தது. ஆனால் வேலை பாக்கி இருந்தது. திரையைப் பார்த்து, அட்டைப்பெட்டிக்குள் சொன்னேன்.

“முகம் மறைந்துவிட்டது. அறை காலி. விளக்கு மட்டும் எரிகிறது.”

அது தோழிகளுக்கும் ஜெசிந்தாவுக்கும்தான் கேட்டிருக்கும். சுதா அக்கா முகத்தை ஜெசிந்தாவின் தோளில் புதைத்து, அவள் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். கண்ணைத் திறக்கவே இல்லை.

“ஜெசி, என்னாச்சுடி? போயிருச்சா? சொல்லுடி, போயிருச்சா?”

ஜெசிந்தா என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். நான் சொன்னது அவளுக்குத் தெளிவாகக் கேட்டிருந்தது. அவள் உதடு லேசாகக் கோணியது.

“இன்னும் நிக்கிதுக்கா” என்றாள், என்னுடைய அதே ரேஷன் கடைக் குரலில். “நான் சொல்ற வரைக்கும் கண்ணத் தெறக்காத.”